புருவத்தில் பச்சை குத்தி எவ்வளவு உழைக்கலாம்? யாழ்ப்பாணத்தில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

நான் இந்தத் தொழிலைப் படிக்கச் சென்ற கொழும்பு வகுப்பில், முதல் நாள் காலையிலேயே பயிற்றுநர் வெள்ளைப் பலகையில் ஒரு பெருக்கலை எழுதிக் காட்டினார். ஒரு சோடிப் புருவத்துக்கு 25,000 ரூபாய், நாளொன்றுக்கு இரண்டு பேர், மாதத்தில் 25 நாள். ஆக, மாத வருமானம் பன்னிரண்டரை இலட்சம். பெருக்கலில் பிழை இல்லை. ஊருக்குத் திரும்பி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறையை எடுத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தபோதுதான், அந்த ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள் என்று அவர் சொல்லவேயில்லை என்பது எனக்கு உறைத்தது. முதல் ஆறு மாதத்தில் காசு கொடுத்துச் செய்துகொண்டவர்கள் பதினொரு பேர். இந்தத் தொழிலுக்கு வர எண்ணும் தங்கைமாருக்காகவும், ஏற்கெனவே பியூட்டி பார்லர் நடத்திக்கொண்டு இதையும் சேர்க்கலாமா என்று யோசிக்கும் அக்காமாருக்காகவும், அந்தப் பலகையில் எழுதப்படாமல் விடப்பட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே. உங்கள் தெருவின் வாடகையையும், நீங்கள் வாங்கும் பொருள்களின் விலையையும், உங்களைச் சுற்றியுள்ளவர்கள் கேட்கும் கட்டணத்தையும் அவற்றின் இடத்தில் போட்டு, ஒரு கொப்பியில் நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது: இது எப்படிப்பட்ட வேலை

மைக்ரோபிளேடிங் என்பது, நுண்ணூசிகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட சிறு தகட்டைக் கையால் பிடித்து, மயிர் மயிராகத் தோலைக் கீறிச் சாயம் ஏற்றும் முறை. பவுடர் அல்லது ஓம்ப்ரே என்பது, இயந்திரத்தில் பூட்டிய ஊசியால் புள்ளி புள்ளியாக இட்டு, மை தீட்டியதுபோல் நிழல் காட்டும் முறை. இரண்டிலும் சாயம் காலப்போக்கில் மங்கும். தோலையும் வெயிலையும் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடம் வரை நிற்கும். வருமானக் கணக்கின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. திரெடிங் செய்ய வருபவர் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை மறுபடி உங்கள் கதிரையில் இருப்பார்; பச்சை குத்தியவரோ நிறம் புதுப்பிக்க ஒரு வருடம் கழித்து வந்தாலே பெரிய காரியம். ஆகவே ஒவ்வொரு மாதமும் உங்களுக்குப் புதிய ஆள்கள் வேண்டும். ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் வாழும் ஒரு மாவட்டத்தில், அதிலும் பெண்களில், அதிலும் புருவம் மெலிந்தவர்களில், அதிலும் ஒரே தடவையில் இவ்வளவு காசைத் தரக்கூடியவர்களில் இருந்துதான் அந்தப் புதிய ஆள்கள் வர வேண்டும்.

இரண்டாவது: படிப்புக்குக் காசு கட்டும் முன்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இருந்து தொடங்குங்கள். வழக்கமான ஒழுங்கில் மூன்று ஊசிகள் உண்டு. முதலாவதில் இருந்து ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறு மாதத்தில் மூன்றாவதும் போட வேண்டும். இரத்தம் கசியும் தோலில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதால், வகுப்புக்குப் பதிந்த பிறகு இதை நினைத்தால் அரை வருடம் பிந்திவிடும்.

இரண்டு மூன்று நாள் வகுப்பின் முடிவில் தரப்படும் “சர்வதேசச் சான்றிதழ்” பெரும்பாலும் அந்தத் தனியார் நிலையத்தின் தாள்தான். அழகுக்கலைக்குத் தேசிய தொழில் தகைமை என்ற அரச ஒழுங்கு உண்டு. அதைப் பெற்றுவிட்டு இதைச் சிறப்புப் படிப்பாக எடுத்தால், இந்த வேலை ஓடாத மாதங்களிலும் உங்கள் கையில் வேறொரு தொழில் இருக்கும். வகுப்பைத் தெரிவுசெய்யும்போது மூன்று கேள்விகள் போதும். உயிருள்ள மனிதத் தோலில் எத்தனை பேருக்கு நான் செய்வேன்? ஆறாவது கிழமையில் அவர்களின் புருவத்தை ஆசிரியர் பார்த்துத் திருத்துவாரா? செய்த அன்று எடுத்த படங்கள் இல்லாமல், ஆறிய பிறகு எடுத்த படங்களைக் காட்டுவாரா? அன்றைய படத்தில் எல்லாப் புருவமும் அழகுதான்.

படித்து முடித்தபின் பயிற்சிக்கான செயற்கைத் தோலில் நூறு சோடியாவது கீறிப் பழகுங்கள். அதன்பின் வரும் பத்துப் பேருக்குப் பொருட்செலவை மட்டும் வாங்கிச் செய்ய நேரிடும். அந்தப் பத்துப் பேரில் மச்சாளும் மச்சாளின் தங்கையும் இருப்பார்கள். அவர்களிடம் காசு கேட்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். முதல் மூன்று நான்கு மாதங்களை வருமானம் இல்லாத மாதங்களாகவே எழுதிக்கொள்ளுங்கள். சீட்டுக் கட்டுவதற்கோ கடன் தவணைக்கோ இந்தக் காசை நம்பித் தொடங்குபவர்கள்தான், கை பழகும் முன்னரே முழுக் கட்டணம் கேட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது: ஓர் ஆளுக்கு எத்தனை மணித்தியாலம்

இரண்டு மணித்தியால வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். ஊசி தோலில் படும் நேரத்தை மட்டும் எண்ணினால் அதற்கும் குறைவு. ஒரு வாடிக்கையாளரை முழுமையாகப் பின்தொடர்ந்து பாருங்கள்.

முதலில் அவர் விசாரிக்க வருவார். தோலைப் பார்த்து, நோய்களைக் கேட்டு, சாயத்தைச் சிறிது தொட்டுவைத்து ஒவ்வாமை உண்டா என்று பார்க்க முக்கால் மணித்தியாலம் போகும். குறித்த நாளில் அவர் தனியாக வருவதில்லை, அக்காவோடு வருவார். சாயம் தோய்த்த நூலை மூக்குத் தண்டில் இருந்து நெற்றி வரை இழுத்துப் பிடித்துத் தோலில் ஒற்றினால், மயிரிழை போன்ற ஒரு கோடு விழும். அந்த நடுக்கோட்டில் இருந்து இரு பக்கமும் அளந்து, தொடக்கத்தையும் வளைவின் உச்சியையும் வாலையும் குறித்து, அவரை நிமிர்த்தி இருத்திக் கண்ணாடியைக் கையில் கொடுக்க வேண்டும். “இடப்பக்கம் கொஞ்சம் ஏறி இருக்கெல்லோ?” என்று அக்கா கேட்பார். உண்மையில் அந்தப் பெண்ணின் இடக் கண்ணே சற்று மேலே இருக்கிறது என்பதை விளக்கி, அழித்து, மறுபடி நூல் பிடித்து முடிக்கையில் ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். மரத்துப்போகும் கிறீம் பூசிக் காத்திருப்பதும் அதற்குப் பிறகு குத்துவதுமாக இன்னும் இரண்டு மணித்தியாலம்.

அடுத்து வருவது கட்டணத்தில் எவரும் சேர்க்காத நேரம். முதல் நான்கு நாள் புருவம் கறுத்துத் தடித்துத் தெரியும். ஐந்தாம் நாளில் இருந்து பொருக்கு உதிரும். இரண்டாம் கிழமையில் சாயமே போய்விட்டதுபோல் இருக்கும். ஒரு மாதம் கழித்துத்தான் நிறம் மேலே வரும். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் வட்ஸ்அப்பில் படம் வரும், இரவு பத்து மணிக்கும் வரும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், தலைக்கு வார்த்து முழுகாதீர்கள், புருவத்தை முட்டும்படி திருநீறு பூசாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தாலும், வெள்ளிக்கிழமை முழுக்கை விட மனம் வராமல் கிணற்றடிக்குப் போய்விட்டுப் பிறகு கேட்பவர்கள் உண்டு. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள், நிறம் விடுபட்ட இடங்களை நிரப்பும் திருத்தத்துக்கு வருவார். அது ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலம். வட்ஸ்அப்பில் பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்து எல்லாம் கூட்டினால் ஓர் ஆளுக்கு ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள்.

நான்காவது: மாதக் கணக்கு

திருத்தமும் உட்பட ஓர் ஆளுக்கு 25,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். ஒருமுறை மட்டும் பாவிக்கும் தகடு, ஊசி, சாயம், மரக்கும் கிறீம், கையுறை, விரிப்பு, ஆறுவதற்குக் கொடுத்துவிடும் களிம்பு ஆகியவற்றுக்கு முதல் தடவை 3,500, திருத்தத்துக்கு 2,000; ஆக 5,500 போக 19,500 மிஞ்சும். மாதாந்தச் செலவில் அறை வாடகை 25,000, மின்சாரமும் தண்ணீரும் தொலைபேசியும் 8,000, விளம்பரம் 10,000 என்று போடுங்கள். படிப்புக்கும் முதல் கருவிகளுக்கும் 3 இலட்சம் செலவானால், இரண்டு வருடத்தில் அதை மீட்க மாதம் 12,500 ஒதுக்க வேண்டும். மொத்தம் 55,500.

மாதம் மூன்று பேர் வந்தால், 58,500 மிஞ்சி, 55,500 போய், உங்கள் கையில் 3,000 ரூபாய் இருக்கும். அதாவது முதல் மூன்று பேரும் கடைக்காக வருகிறார்கள். நான்காவது ஆளில் இருந்துதான் நீங்கள் உங்களுக்காக உழைக்கிறீர்கள். நான்கு பேர் என்றால் 22,500, ஐந்து பேர் என்றால் 42,000, ஆறு பேர் என்றால் 61,500. பலகையில் எழுதப்பட்ட பன்னிரண்டரை இலட்சத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு பேருக்கு 42 மணித்தியாலம்தானே, அது சரியாக ஒரு கிழமை வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். நேரத்துக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. மிச்ச மூன்று கிழமையும் சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம்.

இதில் புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு, நானும் விழுந்தேன். வாடிக்கையாளர் முதல் நாளே முழுக் காசையும் தந்துவிடுகிறார். வேலையில் ஒரு பகுதியை நீங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் செய்யப் போகிறீர்கள். தை மாதம் எட்டுப் பேர் வந்தார்கள் என்று மகிழ்ந்து காசைச் செலவழித்துவிட்டால், பங்குனியில் அந்த எட்டுப் பேரும் திருத்தத்துக்கு வரும்போது, பொருளுக்குக் கைக்காசு போட்டுக்கொண்டு, புதிய ஆள்களுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தையும் அவர்களுக்கே கொடுப்பீர்கள். ஆகவே ஒவ்வொருவரிடம் வாங்கும் காசிலும் திருத்தத்தின் பொருட்செலவை அன்றே வேறாக எடுத்து வையுங்கள். நான் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிய கடித உறைகளில் வைக்கிறேன். பழைய முறைதான், ஆனாலும் உறை தீரும்வரை அந்த ஆளின் வேலை தீரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

சாயமும் ஊசியும் இறக்குமதிப் பொருள்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, பழைய கட்டணத்துக்கு முற்பணம் வாங்கியிருந்தவர்கள் நட்டத்தில் வேலை செய்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் முடியாது. போத்தலைத் திறந்தபின் எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும், மாதம் நான்கு பேருக்கு வேலை செய்பவரிடம் பாதிப் போத்தல் எறிபடும்.

ஐந்தாவது: எங்கே இருந்து செய்வது

இன்னொருவரின் பார்லரில் கட்டணத்தில் 40 வீதப் பங்குக்கு வேலை செய்வதாகவும், பொருளும் இடமும் விளம்பரமும் அவருடையதாகவும் வைத்துக்கொண்டால், ஓர் ஆளுக்கு உங்களுக்கு 10,000 வரும். நான்கு பேருக்கு 40,000, அதில் படிப்புச் செலவை மீட்க 12,500 ஒதுக்கினால் 27,500. அதே நான்கு பேர் சொந்தக் கடைக்கு வந்திருந்தால் 22,500தான். ஐந்தாவது ஆளில்தான் சொந்தக் கடை முந்துகிறது. “சொந்தக் கடை” என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு மயக்கம் உண்டு. மாதம் ஐந்து பேர் நிச்சயம் என்று தெரியும்வரை அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வாசலோடு ஒட்டிய ஓர் அறை பெரும்பாலும் இருக்கும். அதைக் கழுவக்கூடிய தரை, கை கழுவும் தொட்டி, நல்ல வெளிச்சம் என்று ஒழுங்குபடுத்தினால் வாடகை இல்லாமல் போகும். மேலே போட்ட கணக்கில் மாதச் செலவு 30,500 ஆகக் குறைந்து, மூன்று பேருக்கே 28,000 மிஞ்சும். கரைச்சல் என்னவென்றால், வீட்டில் ஆள் நடமாட்டத்தை விரும்பாதவர்கள் இருப்பார்கள், துடக்கு வீடென்றால் வாடிக்கையாளர் வர மாட்டார். என்னைக் கேட்டால், ஏற்கெனவே திரெடிங்கும் மணப்பெண் அலங்காரமும் செய்பவர் இதை மூன்றாவது வருமானமாகச் சேர்ப்பதுதான் இங்கே பொருந்தும் வழி. பச்சை குத்திய புருவத்தைச் சுற்றி முளைக்கும் மயிரை எடுக்க அவர்கள் தொடர்ந்து உங்களிடமே வருவார்கள்.

ஆறாவது: எந்த மாதத்தில் ஆள் வரும்

வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாக வராது. கலியாணம் குறைந்த ஆடியிலும் மார்கழியிலும் உள்ளூர் வேலை இறங்கும். யூலை, ஓகஸ்டில் கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அந்த இடைவெளியை நிரப்புவார்கள், ஆனால் அவர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு கிழமை விடுமுறையில் வந்தவர் ஆறாவது கிழமைத் திருத்தத்துக்கு இங்கே இருக்க மாட்டார். திருத்தம் இல்லாத கட்டணம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, நிறம் விடுபட்ட இடங்களுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அல்லது மறுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெயிலும் வியர்வையும் புழுதியுமாகக் கோயிலடியில் நிற்கப் போகிறவருக்குத் திருவிழா முடிந்தபின் நாள் கொடுப்பதே சரி. மணப்பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னரே முதல் தடவையை முடிக்க வேண்டும். கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வருபவரிடம் காசு வாங்குவது பின்னர் அழுகையில் முடியும்.

மரணவீட்டுத் துடக்கால் நாள் மாறுவது இங்கே வழமை என்பதால், முற்பணம் திருப்பித் தரப்படாது என்று கண்டிப்பாக எழுதி வைப்பதைவிட, ஒருமுறை நாளை மாற்றலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரத்திலும் ஊருக்கேற்ற நிதானம் வேண்டும். முகத்தை முகப்புத்தகத்தில் போட எங்கள் பெண்கள் பலர் சம்மதிப்பதில்லை. புருவத்தை மட்டும் நெருக்கமாக, ஒரே வெளிச்சத்தில், முன்னும் பின்னும் எடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிப் போடுங்கள்.

ஏழாவது: மறுக்கப் பழகுதல்

தொடங்கிய வருடத்தில் ஓர் ஆசிரியைக்கு மைக்ரோபிளேடிங் செய்தேன். எண்ணெய் வழியும் தோல். எங்கள் வெக்கையில் அது பலருக்கு உண்டு. அவர் கருங்கறுப்பாகக் கேட்டார், நானும் கரி சேர்ந்த கறுப்புச் சாயத்தை எடுத்து, நிற்க வேண்டுமே என்ற பயத்தில் தேவைக்கு மேல் ஆழமாகக் கீறினேன். பதினொரு மாதத்தில் மயிர்க்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, புருவம் சாம்பல் நீலத்துக்கு மாறியிருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்து, செம்மஞ்சள் சாயலுள்ள நிறம் கலந்து திருத்த அவரை இரண்டு தடவை இருத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அவர் படிப்பித்த பாடசாலையில் இருந்து அதற்குப் பிறகு ஓர் ஆளும் வரவில்லை. எண்ணெய்த் தோலுக்குப் பவுடர் முறை, எங்கள் நிறத்துக்கு மண்ணிறம் கலந்த சாயம், ஆழம் குறைந்த கை என்பவற்றை அதில் இருந்துதான் கற்றேன்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினொயின் மாத்திரை அண்மையில் எடுத்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது வைத்தியரின் கடிதம் கேட்க வேண்டும். வேறொருவர் குத்திய பழைய புருவத்தின்மேல் செய்யச் சொல்பவரிடமும் அவசரப்படாதீர்கள். விசாரிக்க வரும் ஐந்து பேரில் ஒருவரையாவது மறுப்பீர்கள் என்று வருமானக் கணக்கிலேயே கழித்து வையுங்கள்.

எட்டாவது: பதிவும் வரியும்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். உங்கள் இடம் எதற்குள் வருகிறதோ அந்த மாநகர சபையில் அல்லது பிரதேச சபையில் வியாபார உரிமம் பற்றிக் கேளுங்கள். பாவித்த ஊசிகளையும் தகடுகளையும் துளைபடாத பெட்டியில் சேர்த்து, அவற்றை எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையில் குத்தும்படி வீட்டுக் குப்பையில் ஒருபோதும் போடாதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி விலக்கு இருக்கிறது. மாதம் 61,500 மிஞ்சும் ஒருவருக்கு வருடத்துக்கு 7,38,000தான் வரும் என்பதால், வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி கட்ட நேராது. ஆனாலும் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், வங்கியில் கடன் கேட்கும் நாளில் அவைதான் பேசும்.

ஒன்பதாவது: தொடர்வதா, சுருக்குவதா

ஒவ்வொரு மாத முடிவிலும் நான்கு எண்களை எழுதுங்கள்: விலை கேட்டவர்கள், நேரில் வந்தவர்கள், முற்பணம் கட்டியவர்கள், திருத்தம் பாக்கி இருப்பவர்கள். பலர் விலை கேட்டுச் சிலரே நேரில் வந்தால், சந்தையில் உங்கள் கட்டணமோ படங்களோ எடுபடவில்லை. நேரில் வந்தும் முற்பணம் கட்டாமல் போனால், உங்கள் விளக்கத்திலோ அறையின் சுத்தத்திலோ குறை இருக்கிறது. வாடகை அறையில் இருப்பவர்கள், பதினைந்தாம் மாதம் முடிகையில் கடைசி ஆறு மாதத்தின் சராசரியை எடுத்துப் பாருங்கள். அது மாதம் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், பதினெட்டாம் மாதத்தில் அறையை விட்டுவிடுவதாக உரிமையாளருக்கு அப்போதே கடிதம் கொடுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் உறைகளில் பெயர் உள்ள எல்லோருக்கும் திருத்தத்தை அங்கேயே முடித்து, கட்டிலையும் விளக்கையும் வீட்டறைக்கு மாற்றிவிடலாம்.